எந்தப் பக்கம் பார்த்து வைப்பது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிப் லே-அவுட் வேலை பற்றிப் பேசச் சொன்னார்கள். "நீ அங்க என்னதான்பா பண்றே?" என்று கீழ்பென்னாத்தூரில் என் பெரியப்பா ஒரு முறை கேட்டார். கழனி வரப்பில் நின்றுதான் அவருக்குச் சொன்னேன். அதையே இங்கேயும் சொல்கிறேன்.

ஒரு வாய்க்கால் போனால் இரண்டு பக்கத்துக் கழனிக்கும் அதிலிருந்துதான் மடை. வடக்குக் கழனிக்கு மடை தெற்கு ஓரம், தெற்குக் கழனிக்கு வடக்கு ஓரம். வடிகாலும் இப்படியே. சிப்பிலும் செல்கள் ஒரே உயரத்தில் வரிசை வரிசையாக உட்காரும். மேல் ஓரத்தில் பவர் கம்பி, கீழ் ஓரத்தில் கிரவுண்டு கம்பி. அடுத்த வரிசையைக் கவிழ்த்து வைத்தால் இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரே கம்பி போதும். கவிழ்க்காமல் ஒட்டி வைத்தால் பவரும் கிரவுண்டும் சேர்ந்து ஷார்ட்! பெரியப்பா இதைக் கேட்டுச் சிரித்தார். "வாய்க்காலையும் வடிகாலையும் எவனாச்சும் ஒண்ணா வெட்டுவானா?"

ஒரு செல்லை எட்டு விதமாக வைக்கலாம். நான்கு திருப்பம், அதற்குக் கண்ணாடி பிம்பம் நான்கு. ஆனால் ஒரு வரிசையில் பொதுவாக இரண்டே விதம்தான் செல்லும்: அந்த வரிசைக்குரிய நிலை, அதன் இட வல மாற்றம். தொண்ணூறு டிகிரி திருப்பவே கூடாது. (வாஸ்துவா என்று கேட்காதீர்கள். வடக்கு தெற்கு என்றுதான் ஃபைலில் பெயர் இருக்கும், ஆனாலும் வாஸ்து இல்லை.)

மெமரி போன்ற பெரிய பிளாக்குகள் வரிசையில் உட்காருவதில்லை. பழைய, பெரிய அளவுத் தொழில்நுட்பங்களில் அவற்றைப் பொதுவாகத் திருப்பி வைக்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி பிராசசர் 2018இல் இன்டெல்லின் 22 நானோமீட்டரிலும் வந்தது, சண்டிகரில் எஸ்.சி.எல்.லின் 180 நானோமீட்டரிலும் வந்தது. இந்த இரண்டு அளவுக்கும் நடுவில்தான் விதி இறுகிப்போனது. 193 நானோமீட்டர் அலைநீள ஒளியை வைத்துக்கொண்டு அதைவிட எவ்வளவோ மெல்லிய கேட் கோடுகளை அச்சடிக்க வேண்டும். அதற்காக ஒளியையே ஒரு திசைக் கோடுகளுக்கு ஏற்ற மாதிரி அமைத்துவிடுகிறார்கள். பிளாக்கைக் கவிழ்த்தாலும் நெடுக்குக் கோடு நெடுக்காகவே இருக்கும். தொண்ணூறு டிகிரி திருப்பினால் குறுக்காகிவிடும், அச்சு ஒழுங்காக விழாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில், மூலையில் ஒரு மெமரி அடங்கவே இல்லை. ராத்திரி பதினோரு மணிக்குத் திருப்பி வைத்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. சாஃப்ட்வேர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பொண்ணு மறுநாள் வந்து, "சார், இதைத் திருப்பலாமா?" என்று கேட்டாள். "டூலே ஒத்துக்கிச்சு, உனக்கென்னம்மா?" என்றேன்.

ஒரு மாதம் கழித்து ஃபேக்டரியின் விதிகளை வைத்து முழுச் சோதனை ஓட்டினோம். அந்த பிளாக் முழுக்கச் சிவப்பு. டூல் ஏன் ஒத்துக்கொண்டது? திருப்பலாம் என்று அந்த பிளாக்கின் ஃபைலில் எழுதியிருந்தது. முந்தைய தலைமுறை புராஜெக்டிலிருந்து அந்த வரியைக் காப்பி அடித்தவன் வேறு யாருமில்லை, நானேதான்.

மெமரியை நிமிர்த்தினோம். சிப்பின் அகலம் கூடியது, சுற்றியிருந்த வயரிங் எல்லாம் மறுபடி போட்டோம், அனுப்பும் தேதி மூன்று வாரம் தள்ளிப்போனது. மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் அந்தப் பொண்ணிடம், "நீ கேட்டப்பவே நான் பார்த்திருக்கணும்மா" என்றேன்.

"பரவாயில்லை சார்," என்றாள். "அந்தப் பழைய ஃபைலை இன்னும் ரெண்டு டீம் வச்சிருக்காங்க. முதல்ல அதை மாத்திடலாமா?"