கயிறு யார் கையில்?



பத்தாம் ஆண்டு விழாவில் வாழ்த்துரைப்பதே மரபு. எனினும் 'அமைப்பும் பொறுப்பும்' என்னும் தலைப்பை எனக்கு அளித்துள்ளீர்கள். அதற்கு விளக்கம் தேடி நான் தொலைவு செல்லவில்லை. குலசேகரன்பட்டினத்துக் கரையில் நின்று நம் கடலையே பார்த்தேன்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிக்கச் சென்ற படகு, ஓர் அமைப்பு எவ்வாறு இயங்கவேண்டும் என்பதற்கு இலக்கணம். சம்மாட்டி படகுக்கு உரியவர். தண்டல் அதனைச் செலுத்தும் தலைவர். குளியாட்கள் இருவருக்கு ஒரு கல். ஒருவர் மூழ்கும்போது மற்றவர் இளைப்பாறுவார். படகில் ஊறும் நீரை இறைப்பதற்கென்றே ஓர் ஆள் உண்டு. கயிறு பிடிப்பவரின் பணியோ கீழிருந்து வரும் அசைவுக்காகக் காத்திருப்பது. அசைவு வந்த கணமே இழுக்கவேண்டும். அக்கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பதே வழக்கம் என்று கடற்கரை ஊர்களில் சொல்வர். உடன்பிறந்தவளின் தாலி அவன் விழிப்பில் இருக்கிறது அல்லவா?

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, முத்தில் 10-இல் ஒரு பங்கு அரசனுக்கும், 20-இல் ஒரு பங்கு சுறாக்களை மந்திரத்தால் கட்டுவோர்க்கும் சென்றதாகக் குறிக்கிறார். அவர்கள் பகலில் கட்டி, இரவில் கட்டை அவிழ்த்துவிடுவராம். மந்திரத்தை நாம் நம்பவேண்டியதில்லை. பொறுப்புக்கு எல்லையும் பங்கும் வகுக்கப்பட்டிருந்ததை மறுக்கவும் இயலாது.

1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புகளோடு தூத்துக்குடியில் அத்தொழில் ஓய்ந்தது. 2024 பிப்ரவரியில் நம் ஊரில் ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஏவூர்தி வழிதவறினால் அதனை அழிக்க ஆணையிடும் கடமை அங்கும் பாதுகாப்பு அலுவலருக்கென்றே குறிக்கப்பட்டிருக்கும். தொழில் மாறினும் நெறி ஒன்றே: இன்ன கயிறு இன்னார் கையில்.

நம் வட்டத்தில் அந்நெறி உண்டா? சில ஆண்டுகளுக்கு முன் இளம்பெண் ஒருத்தி தன் கவிதைக் குறிப்பேட்டை நம்மிடம் ஒப்படைத்தாள். படி எடுக்காத ஒரே ஏடு. மூவர் படித்தோம். அடுத்தவரிடம் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் எண்ணினோம். ஏடு தொலைந்தது. அவள் மீண்டும் நம் கூட்டத்திற்கு வரவில்லை. அம்மூவரில் நானும் ஒருத்தி. எங்களுள் தீயவர் எவருமிலர். கயிறுதான் ஒருவர் கையிலும் இல்லை.

'எல்லோர்க்கும் பொறுப்பு' என்பது கேட்க இனிய சொல். படகில் அச்சொல் ஓர் உயிரைக் கொன்றிருக்கும்.

ஆகவே, பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்தில் பணிகளை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரே பெயரை இடுவோம். வரும் படைப்புகளைப் பெற்றுக் காக்கும் பணிக்கு எதிரே என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். கவிஞர்கள் ஆழம் செல்லட்டும். மேலே ஒருவர் விழித்திருப்போம்.