பழைய வண்டியும் புதிய எரிநெய்யும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

தமிழ்ச் சங்க மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ பெட்ரோல். கேட்டு முறுவலிப்போரும் இருக்கலாம். ஆயினும், பாறசாலையிலும் நெய்யாற்றங்கரையிலும் களியக்காவிளை எல்லையை ஒட்டிய சிற்றூர்களிலும் பிறந்து, பிழைப்பின் பொருட்டு நெடுந்தொலைவு கடந்து இந்தக் காலனியில் குடியேறிய நம்மில், ஊர்வீட்டுத் திண்ணையோரம் ஒரு பழைய வண்டியை விட்டு வராதவர் சிலரே. அந்த வண்டிகளைப் பற்றியதே இப்பேச்சு.

எங்கள் இல்லத்து நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகிறோம். எங்கள் தந்தையார் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பாறசாலையிலிருந்து நெய்யாற்றங்கரைக்கு நாள்தோறும் அவரைச் சுமந்து சென்றது ஒரு லாம்பிரெட்டா ஸ்கூட்டர். அவர் மறைந்த பின்னும் அதை விற்க அன்னையார் இசையவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை நாங்கள் ஊருக்குச் சென்று, அதைத் துடைத்து இயக்கி, அன்னையாரைப் பின்னே அமர்த்திக் கடைத்தெரு வரை சென்று மீள்வோம். அந்த ஒரு நாள் பயணத்துக்காக அவர் ஆண்டு முழுதும் காத்திருப்பார் என்றாலும் மிகையன்று.

சென்ற ஓண விடுமுறையில் எத்தனை முறை உதைத்தும் வண்டி இயங்கவில்லை. ஊரிலே பழுது பார்க்கும் முதியவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் கார்புரேட்டரைக் கழற்றினார். உள்ளே வெண்பொடி பூத்திருந்தது. பெட்ரோல் குழாயின் ரப்பர் ஊதி, விரலால் அழுத்தியவுடன் வெடித்தது. தொட்டியின் அடியில் துருவோடு கலங்கிய நீர்மம் தேங்கியிருந்தது. “மக்களே, வண்டிக்கு ஒண்ணும் வரல்ல, உள்ள கெடந்த பெட்ரோலுதான் கெட்டுப்போச்சு” என்றார் அவர்.

எங்கள் முகத்தில் ஐயத்தைக் கண்டு, அளவு கோடிட்ட கண்ணாடிக் குழலில் புதிய பெட்ரோல் 100 மில்லி லிட்டர் ஊற்றி, 10 மில்லி லிட்டர் நீரையும் சேர்த்து, மூடிக் குலுக்கி வைத்தார். சிறிது நேரத்தில் அடியில் நின்ற நீரின் அளவு 10 அன்று, ஏறத்தாழ 30. நீர் எங்ஙனம் பெருகிற்று? பெட்ரோலில் கலந்திருந்த எத்தனால் என்னும் எரிசாராயம் நீரைக் கண்டதும் அதனோடு சேர்ந்து கீழே இறங்கிவிட்டது. நூற்றுக்கு இருபது பங்கு எரிசாராயம் என்பதை அன்று கண்ணாரக் கண்டோம். அன்பர்கள் இச்சோதனையை வீட்டில், அதுவும் அடுக்களையில், ஒருநாளும் செய்யலாகாது.

இது நேற்றுத் தோன்றிய புதுமை அன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, பேருந்துகள் கரிவாயுவால் ஓடியதை நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள். எரிசாராயத்தைப் பெட்ரோலில் கலப்பதற்கென்றே 1948-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 2000-இல் நீக்கப்பட்டது. 2003-இல் சில மாநிலங்களில் 5 விழுக்காடு கலவை தொடங்கிற்று. 2022 ஜூன் மாதத்தில் அது நாடெங்கும் சராசரியாக 10 விழுக்காட்டை எட்டியது. 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் 20 விழுக்காட்டுக் கலவை அறிமுகமாயிற்று. 2030-க்கென முதலில் வைத்திருந்த அந்த இலக்கை 2025-இலேயே எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது.

இதன் நன்மைகளை மறைப்பது நேர்மை ஆகாது. நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. எரிசாராயமோ நம் வயல்களில் விளையும் கரும்பு, அரிசி, மக்காச்சோளம் ஆகியவற்றிலிருந்து கிடைப்பது. நம் ஊர் மரச்சீனியிலிருந்தும் அதை வடிக்கலாம். திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963-இல் அமைந்த கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இத்துறையிலும் ஆய்வு செய்ததுண்டு. மேலும், எரிசாராயம் கலந்தால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு குறைகிறது. இயந்திரம் இடிக்காமல் ஓடும் தன்மையும் கூடுகிறது.

அப்படியாயின் பழைய வண்டிக்கு இது ஏன் ஒவ்வவில்லை? காரணம் மூன்று.

முதலாவது, எரிசாராயம் நீரை விரும்புவது. 10 விழுக்காட்டுக் கலவை ஒரு லிட்டரில், ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி நீர் சேரும்வரை பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் சேர்ந்தால் நீரும் எரிசாராயமும் ஒன்றாகப் பிரிந்து அடியில் படியும். 20 விழுக்காட்டில் அந்த எல்லை சற்று உயரும். ஆனால் எல்லை இல்லாமற் போகாது. இடவப்பாதி மழையும் துலா மழையும் மாறி மாறிப் பொழியும் நம் ஊரில், தேய்ந்த மூடியுள்ள தொட்டிக்குள் நீர் புகுவது எளிது. தொட்டியின் குழாயோ அடியிலிருந்துதான் எடுக்கிறது. ஸ்கூட்டர் போன்ற இரு வீச்சு இயந்திரத்துக்கு இது பெருந்தீங்கு. பெட்ரோலோடு கலந்த எண்ணெய் மேலே நின்றுவிட, எண்ணெயற்ற நீர்மம் இயந்திரத்துள் சென்றால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, அது சில பொருள்களை அரிப்பது. பழைய ரப்பர், தக்கை வாஷர், துத்தநாகக் கலவையால் வார்த்த கார்புரேட்டர், பித்தளை ஜெட் ஆகியவை தூய பெட்ரோலுக்கென அமைந்தவை. தொட்டியில் நெடுங்காலம் படிந்த கசடையும் எரிசாராயம் கரைத்துக் கொண்டுவந்து, ஜெட்டின் நுண்துளையை அடைத்துவிடும்.

மூன்றாவது, அதன் ஆற்றல் குறைவு. ஒரு லிட்டர் எரிசாராயத்தின் வெப்ப ஆற்றல் பெட்ரோலுடையதில் மூன்றில் இரண்டு பங்கே. புதிய கார்களில் புகையை அளந்து எரிபொருளைக் கூட்டவும் குறைக்கவும் மின்னணுக் கருவி உண்டு. பழைய கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. எரிபொருள் போதாமல் இயந்திரம் மிகையாகச் சூடேறும். தூய பெட்ரோலுக்கென வடிவமைத்து 10 விழுக்காட்டுக்குச் சீர்செய்த கார்களில், 20 விழுக்காட்டுக் கலவையால் மைலேஜ் 6 முதல் 7 விழுக்காடும், இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 விழுக்காடும் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கணித்திருந்தது.

அதே அறிக்கை, பழைய வண்டிகளுக்குக் காப்பாக 10 விழுக்காட்டுக் கலவையும் கிடைத்துவர வேண்டும் என்று கூறிற்று. பிரிட்டனில் 2021-இல் 10 விழுக்காட்டுக் கலவை வந்தபோது, பழைய வண்டிகளுக்கென 5 விழுக்காட்டு வகையையும் நிறுத்தி வைத்தனர். பம்புகளில் அடையாளமும் ஒட்டினர். இங்கோ எரிசாராயம் கலவாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் எனக் கோரிய வழக்கை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோட்டின் இருபுறமும் பெட்ரோல் விலை வேறு. ஆகவே சில ரூபாய் மிச்சம் பிடிக்க நம்மவர் களியக்காவிளைக்குச் சென்று நிரப்புவதுண்டு. விலை மாறலாம், கலவை மாறுவதில்லை. புதுவண்டி வாங்க இயலாமல் பழைய ஸ்கூட்டரில் மீனும் மரச்சீனியும் விற்று வாழும் ஏழைக்கு, தான் வாங்குவது இன்னதென்று அறியும் உரிமையும், தன் வண்டிக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் வேண்டாவா? நாட்டு நலனை நாம் எதிர்க்கவில்லை. அதன் சுமை எளியவர் தலையில் மட்டும் இறங்கலாகாது என்கிறோம்.

கேட்பதைக் கேட்போம், அதுவரை செய்வதைச் செய்வோம். விடுமுறை முடிந்து ஊரைவிட்டுப் புறப்படுமுன் வண்டியின் தொட்டியை வடித்து உலர்த்தி, உட்புறம் எண்ணெய் படரச் செய்யுங்கள். பெட்ரோல் குழாயை மூடி, இயந்திரம் தானே நிற்கும்வரை ஓடவிட்டால் கார்புரேட்டரில் எரிபொருள் தங்காது. சில வாரங்களே நிற்கும் வண்டியாயின் தொட்டியை நிறைத்து வையுங்கள், காற்றுக்கு இடமிருக்காது. ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் எரிசாராயம் தாங்கும் வகையாக மாற்றுங்கள். ஸ்பார்க் பிளக்கின் முனை வெளுத்திருந்தால் எரிபொருள் போதவில்லை என்று பொருள். மெக்கானிக்கிடம் சொல்லிச் சற்றுப் பெரிய ஜெட் பொருத்துங்கள். எண்ணெய் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் சேமித்து வைக்காதீர்கள்.

எங்கள் தந்தையாரின் வண்டிக்கு இவ்வளவும் செய்தோம். விடுமுறையின் கடைசி நாள் மாலை அது இயங்கிற்று. அன்னையார் பின்னே அமர்ந்து கடைத்தெரு வரை வந்தார். வழிநெடுக ஒரு சொல்லும் பேசவில்லை. வீடு திரும்பி இறங்கியதும், இருக்கையை முந்தானையால் துடைத்துவிட்டு உள்ளே சென்றார்.

அன்பர்களே! புதியதை அறிந்து ஏற்போம்; பழையதைப் பேணிக் காப்போம். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது உங்கள் இல்லத்து வண்டியின் தொட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள்.