முதியோர் உதவிப்பணம் பிச்சையன்று; உழைப்பின் பங்கு!

(பாலமுனையில் கமக்காரரும் மீன்பிடிப்போரும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தை ஒரு சொல்லிலிருந்து தொடங்குகின்றோம். வறிய முதியோருக்கு அரசாங்கம் மாதந்தோறும் கொடுத்துவந்த பொதுசன உதவிப்பணத்துக்கு நம் ஊர்களில் வழங்கும் பெயர் என்ன? பிச்சைச் சம்பளம்! கச்சேரிக் கடதாசிகளில் இப்பெயர் இல்லை. சட்டப் புத்தகத்திலும் இல்லை. நம் வாயில்தான் இருக்கிறது. கந்தோரில் முப்பது வருடம் இருந்து இளைப்பாறியவர் பெறுவது பென்சன். வயலிலும் கடலிலும் ஐம்பது வருடம் உழைத்து ஓய்ந்தவர் பெறுவது பிச்சை. இரண்டும் ஒரே திறைசேரியிலிருந்து வரும் பணமேயாகும். எனினும் முன்னதை வாங்கப் போகிறவர் வெள்ளைச் சட்டையுடன் நிமிர்ந்து போகிறார். பின்னதை வாங்கப் போகும் கிழவி முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு போகிறாள்.

இச்சபையில் ஆசிரியப் பெருமக்கள் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். 1941ல் அட்டாளைச்சேனையில் ஆசிரியர் கலாசாலை தோன்றிய நாள்முதல் இப்பிரதேசம் ஆசிரியர்களை உருவாக்கி நாடெங்கும் அனுப்பிவருவது. உங்கள் பென்சனில் கண்வைத்து நாம் பேசவில்லை. ஆனால் அதன் தன்மையைச் சற்றே சிந்தியுங்கள். 1901ஆம் ஆண்டின் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின்கீழ் இளைப்பாறிய உத்தியோகத்தர் தம்முடைய ஓய்வூதியத்துக்கென்று சம்பளத்திலிருந்து ஒரு சதமேனும் கட்டியவரல்லர். அவரிடம் கழிக்கப்பட்டது விதவைகள் அநாதைகள் நிதிக்காக. நாட்டுக்குச் சேவை செய்தார். நாடு அவரைத் தாங்குகிறது. மிகவும் நியாயமே. ஆயின் நெல் விளைவித்தது சேவையாகாதா? மீன் பிடித்து ஊட்டியது சேவையாகாதா?

1949ல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர் பாயும் வட்டைகளிலே பெரும்போகம் சிறுபோகம் என்று மாறிமாறி முதுகொடிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். சொந்தக் காணியின்றி, போடியாரின் வயலில் வாடி கட்டிக் கிடந்து, யானைக்கும் பன்றிக்கும் காவலிருந்த முல்லைக்காரர்கள் இருக்கிறார்கள். விடியுமுன் கரைவலை இழுத்து இழுத்து உள்ளங்கை மரத்துப்போனவர்கள் இருக்கிறார்கள். ஒலுவில் துறைமுகம் எழுந்தபின் கடலரிப்பினால் தோணி ஏற்றும் கரையையே இழந்தவர்களும் அவர்களில் உண்டு. பன்பாய் இழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார் இருக்கிறார்கள். வளைகுடா நாடுகளில் அந்நியர் வீட்டில் பாத்திரம் கழுவி, இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித்தந்து, நோயுடன் திரும்பிய சகோதரிகளும் இருக்கிறார்கள். அவர்களுடைய முதுமைக்கு எந்தக் கந்தோரிலே கோவை திறக்கப்பட்டிருக்கிறது?

கலீபா உமர் (ரலி) அவர்களின் காலத்துச் சம்பவமொன்று உங்களுக்குத் தெரிந்ததே. ஹாரூன் அல் ரஷீதின் ஆட்சியில் பிரதம நீதிபதியாயிருந்த இமாம் அபூ யூசுப் தமது வரி நூலிலே அதனைப் பதிவுசெய்திருக்கிறார். வாசலில் நின்று யாசித்த குருட்டு முதியவரை உமர் கண்டார். விசாரித்தபோது அவர் ஒரு யூதர். வரியும் வறுமையும் வயதும் சேர்ந்து தம்மை யாசிக்கச் செய்தன என்றார். உமர் அவருடைய கையைப் பிடித்துத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று இருந்ததைக் கொடுத்தார். பின்பு பைத்துல்மால் பொறுப்பாளரிடம் அனுப்பி, அவரையும் அவர்போன்றோரையும் கவனிக்கும்படியும், அவர்களிடம் வரி வாங்காதிருக்கும்படியும் கட்டளையிட்டார். வாலிபத்தில் அவரிடம் பெற்றுக்கொண்டு முதுமையில் கைவிடுவது நீதியன்று என்பதே அவர் காட்டிய காரணம். கவனியுங்கள். அந்த முதியவர் கலீபாவின் மார்க்கத்தவரல்லர், அவருடைய கட்சிக்காரருமல்லர். கலீபா தம் சட்டைப்பையோடு நிறுத்திக்கொள்ளவுமில்லை. பொதுக் கருவூலத்திலிருந்து கொடுக்கச் செய்தார். இன்று நாம் கேட்பதும் அவ்வளவே.

நம் நாட்டில் நடந்தது என்ன? 1939ல் வந்த வறியோர் சட்டம் கொழும்பு, கண்டி, காலி ஆகிய மூன்று மாநகரங்களோடு நின்றுவிட்டது. ஏனைய ஊர்களுக்குச் சட்டக் கட்டாயம் எதுவுமின்றி, நிதி உள்ளவரை கொடுக்கப்படும் உதவிப்பணம் வந்தது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அறுபது வயதைக் கடந்தவரை முதியவர் என்றது. 2012ல் முதியோர் கொடுப்பனவு தொடங்கியபோது வயதெல்லை எழுபது என்றாயிற்று. அறுபதில் முதியவர், எழுபதில் உதவி! இடையிலுள்ள பத்தாண்டுகளை அவர் எதைத் தின்று கடப்பது? கதிரையிலிருந்து வேலைசெய்த உத்தியோகத்தருக்கு அறுபதில் இளைப்பாறும் உரிமை இருக்கிறது. வெயிலிலும் சேற்றிலும் நின்றவர் எழுபதுவரை உயிரோடிருந்து காட்டவேண்டுமென்பது எந்த ஊர் நியாயம்?

அதிலும் எழுபதைத் தொட்டவர் எல்லாருக்கும் கிடைத்ததா? 2,000 ரூபா வழங்கிய காலத்தில் பயன்பெற்றோர் தொகை 416,667 அளவில் நின்றது. இது என்ன கணக்கு? ஊரூராகப் போய் வறியவரை எண்ணிக் கண்ட தொகையென்று நினைத்துவிடாதீர்கள். ஆண்டொன்றுக்கு ஆயிரம் கோடி ரூபாவை ஒருவருக்குரிய 24,000 ரூபாவால் வகுத்துப் பாருங்கள். இதே தொகை வரும். முதலில் பணம் ஒதுக்கப்பட்டது. பின்பு அப்பணத்துக்கேற்ப ஏழைகள் அளந்தெடுக்கப்பட்டனர்! எஞ்சியோர் காத்திருப்போர் பட்டியலில் போடப்பட்டார்கள். 2020ல் கொரோனாக் காலத்தில் சிறப்பு உதவி வழங்கப்பட்டபோது அப்பட்டியலில் மட்டும் ஓரிலட்சத்து நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். காலியிடம் எப்போது வரும்? பட்டியலுக்குள் இருப்பவர் ஒருவர் மௌத்தாகும்போது. அடுத்த வீட்டு மூத்தம்மா கண்மூடினால்தான் இந்த வீட்டு மூத்தம்மாவுக்குக் கஞ்சி! இப்படியொரு வரிசையில் நம் பெற்றோரை நிறுத்தியவர்களை நாம் ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை. வாக்கு மாத்திரம் தவறாமல் அளித்தோம்.

தொகையையும் பாருங்கள். 2012ல் 1,000 ரூபா, 2015ல் 2,000. அந்த இரண்டாயிரம் 2022லும் இரண்டாயிரமே. அவ்வாண்டு செப்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி விலைவாசி முந்திய ஆண்டைவிட 69.8 வீதம் ஏறியிருந்தது, உணவுப்பொருளோ 94.9 வீதம். 2024ல் 3,000 ஆக்கினார்கள். 2025 ஏப்ரலிலிருந்து 5,000. உயர்த்தியதை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒவ்வொரு உயர்வும் யாரோ ஒருவர் மனமிரங்கிச் செய்த உபகாரம்போல அறிவிக்கப்படுகிறதேயன்றி, விலைவாசியோடு தானே உயரும் விதியொன்று இதுவரை எழுதப்படவில்லை. 2024 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து பெறுமதிசேர் வரி 18 வீதம். எண்பது வயதுக் கிழவி சவர்க்காரக் கட்டி வாங்கினாலும் அவ்வரியைக் கட்டியே வாங்குகிறாள். அவளிடம் வாங்கும்போது வருமானச் சான்றிதழ் கேட்பாரில்லை, கொடுக்கும்போதுதான் கேட்கிறார்கள்.

இனி, 2023ல் வந்த அஸ்வெசும. குடும்பத்தை ஆறு பிரிவுகளில் இருபத்திரண்டு குறிகாட்டிகளால் அளந்து ஏழையா இல்லையா என்று தீர்மானிக்கும் முறை இது. கட்சிக்காரர் எழுதும் பட்டியலைவிட அளவுகோல் ஒன்று இருப்பது மேல் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் முதற்பட்டியல் வெளிவந்ததும் ஏறக்குறையப் பத்து இலட்சம் முறையீடுகள் குவிந்தன. அளவுகோல் எங்கே பிசகுகிறது? வீட்டின் நிலையும் ஆதனங்களும் அதில் எண்ணப்படுகின்றன. 2004 திசெம்பர் 26ல் கடற்கோள் வந்து இலங்கையிலேயே அதிக உயிர்களை அம்பாறை மாவட்டத்தில் கொண்டுபோயிற்று. உயிர்தப்பியவர்களுக்கு அறநிறுவனங்கள் கல்வீடு கட்டிக் கொடுத்தன. அக் கல்வீட்டினுள்ளே அடுப்பு எரியாத நாள்கள் எத்தனையென்று எந்தக் குறிகாட்டி சொல்லும்? மகனுடைய மோட்டார்ச் சைக்கிள் முற்றத்தில் நிற்கிறது. அம்மகன் தாய்க்கு என்ன கொடுக்கிறான் என்பது முற்றத்தில் நிற்பதில்லையே!

மேலும், அஸ்வெசும பெறும் குடும்பத்திலுள்ள முதியவரின் பணம் அக்குடும்பத்தின் கணக்கிலேயே வைப்பிலிடப்படுகிறது. குடும்பமும் முதியவரும் ஒன்றென்று சட்டம் எண்ணுகிறது. ஆனால் தன் பெயரில் வரும் ஐயாயிரத்தைக் கண்ணால் காணாத உம்மாமார் இருக்கக்கூடும் என்பதை இங்கே உள்ளவர்கள் அறியாதவர்களல்லர். ஆகவே நாம் கேட்பது மூன்று. கொடுப்பனவு முதியவரின் சொந்தப் பெயரில், சொந்தக் கையில் சேரவேண்டும். உடலுழைப்பாளிக்கு வயதெல்லை அறுபதாதல் வேண்டும். தொகை விலைவாசியோடு உயர்தல் வேண்டும்.

இவை நடக்கக்கூடிய காரியமா என்று கேட்பாருக்குப் பிறநாட்டு வரலாறு விடைசொல்லும். இங்கிலாந்திலே 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1909 ஜனவரி முதலாந் திகதி எழுபது வயதான வறியோருக்கு வாரம் ஐந்து சிலிங் கொடுக்கத் தொடங்கினார்கள். அதனை வறியோர் நிவாரணக் கந்தோரில் கொடாமல் தபாற் கந்தோரில் கொடுத்தார்கள். ஏன்? நிவாரணக் கந்தோரின் படியேறுவது அந்நாட்டு ஏழைக்கும் மானக்கேடாக இருந்தது. தமிழகத்தில் காமராசர் முதலமைச்சராயிருந்த 1962ல் மாதம் 20 ரூபாவுடன் முதியோர் ஓய்வூதியம் தொடங்கியது. நம்மைவிட வறிய நேபாளம் 1990களின் நடுப்பகுதியில் எழுபத்தைந்து வயதைக் கடந்த எல்லாருக்கும், நீ ஏழையா பணக்காரனா என்று கேளாமலே, மாதம் 100 ரூபா கொடுத்தது. பின்னர் வயதையும் குறைத்தது. எல்லாருக்கும் கொடுத்தால் யாருக்கும் வெட்கமில்லை. பட்டியலில் சேர்ப்பதற்குக் கைநீட்டும் தரகனுக்கும் அங்கே வேலையில்லை.

அரசாங்கத்தைக் குறைசொல்லும் வாயால் நம்மையும் கொஞ்சம் சொல்லிக்கொள்வோம். 1987ன் 12ஆம் இலக்கச் சட்டம் கமக்காரருக்கு ஓய்வூதியத் திட்டத்தையும், 1990ன் 23ஆம் இலக்கச் சட்டம் மீனவருக்கு ஒன்றையும் தந்தன. இளமையில் சிறுதொகை கட்டினால் அறுபதில் மாதப் பணம். நம்மில் எத்தனை பேர் தவறாமல் கட்டினோம்? அறுவடைக் காசு கையில் இருக்கும்போது கல்யாணப் பந்தல் பெரிதாகத் தெரிந்தது, முதுமை தெரியவில்லை. கட்டியவர்களுக்கும் சோதனை வந்தது. வரவுக்கு மிஞ்சிய செலவால் நிதி வற்றி 2012ல் கொடுப்பனவு நின்றது; 2014ல்தான் மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியில் போன நம்பிக்கை பணத்தைப்போல இலகுவில் திரும்பவில்லை. எனினும் இளங்கமக்காரர் இத்திட்டத்தை விசாரித்துச் சேர்தல் வேண்டும் என்பதே நமது கருத்து.

பெற்றாரைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை, அரசாங்கம் எதற்கு என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். கடமைதான், யார் இல்லையென்றார்? ஆனால் 2012 குடிசன மதிப்பீட்டிலேயே அறுபதைக் கடந்தோர் நூற்றுக்கு 12.4 பேராய்விட்டனர். பிள்ளைகள் தொகை குறைகிறது; இருக்கும் பிள்ளையும் கத்தாரிலோ கொழும்பிலோ கடனோடு போராடுகிறான். பெண் வீட்டில் இருக்கும் வாப்பா, மருமகனிடம் மருந்துக்குக் காசு கேட்க நாவெழாமல் இருமிக்கொண்டு கிடக்கிறார். அவர் மடியில் சொந்தப் பணம் ஐயாயிரம் இருந்தால் பேரனுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுப்பார். அந்த வீட்டில் அவருடைய குரலுக்கும் ஒரு கனம் வரும். ஸகாத்தும் ஸதக்காவும் இருக்கின்றனவே என்பாருக்குச் சொல்கிறோம்: ஸகாத்தையே செல்வனின் பொருளில் ஏழைக்குள்ள உரிமையென்றுதான் மார்க்கம் சொல்கிறது. ஊர் செய்வதை ஊர் செய்யட்டும். அதைக் காட்டி அரசு தன் பங்கிலிருந்து கழன்றுகொள்ள வேண்டாம்.

இறுதியாகக் கைக்காரியம் ஒன்று. நம் முதியோரில் பலர் வீட்டிலே பிறந்து பதியப்படாதவர்கள். வயதைக் கேட்டால், 1957 திசெம்பர்ப் பெருவெள்ளத்தில் உம்மாவின் இடுப்பில் இருந்தேன் என்பார்கள். அந்த வெள்ளத்தில் இடுப்பில் இருந்த குழந்தைகளே இப்போது எழுபதைத் தொடுகிறார்கள். இவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் பெறலாம். அடையாள அட்டையில் ஆண்டு பிழையென்றால் திருத்தவும் வழியுண்டு. எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பது யார்? இளைப்பாறிய ஆசிரியர்களே, உங்களைத்தான் கேட்கிறோம். தமிழில் எழுதிய விண்ணப்பத்துக்குத் தமிழிலேயே பதில் பெறுவது அரசியலமைப்புத் தந்த உரிமை. வேறு மொழியில் கடிதம் வந்தால் அதனை மடித்து வைக்காமல் எம்மிடம் கொண்டுவாருங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பின்னர் இதே இடத்தில் இரண்டு மேசைகள் போடப்படும். ஒன்றில் புதிய விண்ணப்பங்களும் மற்றதில் முறையீடுகளும் எழுதப்படும். அடையாள அட்டை, அதன் பிரதி, பழைய உதவிப்பண அட்டை இருந்தால் அது, வங்கிப் புத்தகம் ஆகியவற்றுடன் வாருங்கள். நடக்கமுடியாதவரின் விலாசத்தை இன்றே பெயரேட்டில் எழுதிவிட்டுப் போங்கள்; அவர்கள் வீட்டுக்கு நாமே வருவோம்.