அடி தேடியவர் பொய் சொல்லவில்லை

கிரிவலம் முடித்த காலோடு வந்து உட்கார்ந்திருக்கும் என் உறவுகளே!

இது திருவண்ணாமலை, சிவனின் அடிமுடி காணாத ஊர். பன்றியாகி அடியைத் தேடிய திருமால், "காணவில்லை" என்று உண்மையை ஒப்புக்கொண்டார். அன்னமாகி முடியைத் தேடிப் பறந்த பிரம்மாதான் தாழம்பூவைப் பொய்சாட்சிக்குக் கூட்டிவந்தார்! இன்றைக்கும் முடி தேடிப் பறக்கிறவர்கள் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். நீங்களே சிரிக்கிறீங்களே, நான் வேறு எதற்கு? தேர்தல் வந்தால் நம் காலில் விழுகிறார்கள். விழுந்ததுதான் விழுந்தீர்கள், அந்தக் காலில் புண் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

சுகர் இருக்கிறவங்க கை தூக்குங்க! ஆத்தாடி, பாதிப் பந்தல்! எங்கப்பாவுக்கும் இருந்தது. சித்திரைப் பௌர்ணமி, 14 கிலோமீட்டர், வெயில் தாழும் முன்பே வெறுங்காலோடு கிளம்பிவிட்டார். பாதம் கொப்பளித்தது. "வலியே இல்லடா, அண்ணாமலையார் அருள்" என்றார். அருள் இல்லையய்யா, நரம்பு மரத்துப்போச்சு! கடைசியில் ஒரு விரல் போனது.

வலி என்பது காவல்காரன். அதை உலகத்துக்குச் சொன்னவர் 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட். வேலூரில் தொழுநோயாளிகளைப் பார்த்தார். விரல் தானாக அழுகி விழவில்லை. உணர்ச்சியில்லாத காலில் பட்ட காயம்தான் அதை அரிக்கிறது என்று கண்டார். பக்கத்துக் கரிகிரியில் அதற்கென்றே செருப்பு செய்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு! விசிலை நிறுத்து தம்பி, எம்.ஜி.ஆர். இல்லை, எம்.சி.ஆர்.! மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர். டாக்டர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. புண்பட்ட பாதத்தை மடியில் வைத்து அளவெடுத்தாரே செருப்புத் தொழிலாளி, அவர் பெயர் எங்கே?

சுகர் வந்து மரத்துப்போன காலுக்கும் இதே கதைதான். 2021-இல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது. பிறகு, சுகர் காலுக்கென்றே 'பாதம் பாதுகாப்போம்' என்று திட்டமும் வந்தது. வரட்டும், வாழ்த்துகிறேன். ஆனால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கப் பழகிய கை வேண்டாமா? 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒரு நைலான் இழை. உள்ளங்காலில் வைத்தால் தெரிகிறதா இல்லையா, அவ்வளவுதான் சோதனை! செவிலித் தங்கைகளுக்கு அதைப் பழக்குங்கள். கால் ஆணி சீவ, புண் கழுவ, செருப்புக்கு அளவெடுக்க நம் பிள்ளைகளுக்கு முறையான படிப்பு கொடுங்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் இருக்கும் எட்டு லிங்கங்களின் பக்கத்திலும் கால் பார்க்க ஓர் ஆள் உட்காரட்டும்.

மாலையா? எனக்கு வேண்டாம். பெயர் தெரியாத அந்தத் தொழிலாளிக்காக, அதோ, செருப்பு விட்டிருக்கிற இடத்தில் வையுங்கள்!