நல்ல முதலாளி இறந்துவிட்டால்?

(கரையாம்புத்தூர்ப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோழி கூவுமுன்னே இந்த ஊர் விழித்துக்கொள்கிறது. சோற்றுத் தூக்கோடு இளைஞர்கள் சாலையோரம் நிற்கிறார்கள். ஒருவன் சேதராப்பட்டுக்கு, ஒருவன் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு, மற்றொருவன் எல்லை தாண்டிக் கடலூர் சிப்காட்டுக்கு. பாகூர் வயலிலே ஏர் பிடித்தோரின் பேரப்பிள்ளைகள் அவர்கள்! அவர்களுள் ஒருவனை நிறுத்தி, "தம்பி, உன் முதலாளி யார்?" என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பான். ஆலையின் பெயர் தெரியும். அழைத்துச் செல்லும் ஒப்பந்தக்காரரைத் தெரியும். ஆனால், யாரிடம் வேலை செய்கிறோம் என்பதற்குச் சான்றாக ஒரு துண்டுக் காகிதம் அவன் கையிலே கிடையாது!

அந்தத் தம்பியை மனத்திலே நிறுத்தித்தான், முதலாளி தொழிலாளி உறவு பற்றி இன்று உங்களிடம் பேச வந்தேன்.

நான் நாடகம் எழுதுகிறவன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாடகம் போட்டோம். கல்நெஞ்சம் படைத்த ஆலை முதலாளி, கடைசிக் காட்சியிலே, தொழிலாளியின் குழந்தை காய்ச்சலிலே துடிப்பதைக் கண்டு உருகுகிறார். "இன்றுமுதல் நீங்களெல்லாம் என் பிள்ளைகள்!" என்று கண்ணீர் வடிக்கிறார். திரை விழுகிறது. கைத்தட்டல் கொட்டகையை அதிரவைத்தது. பூரித்துப் போனேன். அப்போது ஒப்பனை அறைக்கு ஒரு பெரியவர் வந்தார். புதுவை ஆலையிலே தறி ஓட்டி ஓய்ந்தவர்.

"நாடகம் நல்லாத்தான் இருந்திச்சு தம்பி. ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த நல்ல மொதலாளி செத்துட்டா? அவரு மவன் வந்து, 'அழுதது எங்கப்பா, நான் அழமாட்டேன்'னு சொன்னா, அந்தப் புள்ளைங்க கதி என்னா?"

வாயடைத்து நின்றேன். கல்லூரியைப் பாதியிலே விட்டு மேடைக்கு ஓடிவந்தவன் நான். விட்ட பாடத்தை அந்தப் பெரியவர் ஒரே கேள்வியிலே நடத்தி முடித்துவிட்டார்!

தோழர்களே! கருணை நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் கருணை மனிதனோடு வருகிறது, மனிதனோடு போகிறது. உரிமையோ ஏட்டிலே எழுதப்படுகிறது. தந்தை போனாலும் மகன் வந்தாலும் நிற்கிறது. "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்கிறார்கள் சில முதலாளிகள். இனிய சொல்! ஆனால், எந்த வீட்டிலே தகப்பன், "நாளையிலிருந்து நீ என் மகன் அல்ல" என்று வாயிற்படியிலே நிறுத்தி அனுப்புகிறான்? குடும்பம் என்று சொல்லிக் கூலியைக் குறைப்பதைவிட, இருதரப்பும் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திடுவதே மரியாதை.

இதை நமக்கு யாரும் வெளியூரிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. நம் புதுவை மண்ணே சொல்லும்.

1936ஆம் ஆண்டு. பிரான்சு நாட்டிலே இலட்சக்கணக்கான தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த நேரம். பிரதமர் லெயோன் புளூம் என்ன செய்தார்? முதலாளிகளையும் சங்கத் தலைவர்களையும் ஒரே மேசையிலே உட்காரவைத்தார். சூன் 7ஆம் நாள் ஒப்பந்தம் பிறந்தது. ஊதியம் உயர்ந்தது, சங்க உரிமை ஏற்கப்பட்டது, தொடர்ந்து வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்ற சட்டமும் வந்தது.

அதே கொடி பறந்த புதுவையிலே? அதே ஆண்டு சூலை 30ஆம் நாள், பின்னாளில் சுதேசி ஆலை என வழங்கிய சவானா ஆலையிலே, வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது பிரெஞ்சுக் காவல் படை சுட்டது. 12 பேர் பிணமாயினர்! பாரிசிலே மேசை, புதுவையிலே துப்பாக்கி! இரண்டுக்கும் இடையே இரண்டு மாதங்கூட நிறையவில்லை. வெள்ளைத் தொழிலாளியின் வயிற்றுக்கு ஒரு நீதி, கறுப்புத் தொழிலாளியின் வயிற்றுக்கு வேறு நீதி!

அந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் வ. சுப்பையா. அவர் நம் கழகத்தவர் அல்லர், பொதுவுடைமை இயக்கத்தவர். ஆயினும் அவர் பெயரை இந்த மேடையிலே சொல்லத் தயங்கினால் நமக்கு நெஞ்சிலே நேர்மையில்லை என்று பொருள். இரத்தம் சிந்திய பிறகு, 1937 ஏப்ரலிலே பிரெஞ்சு அரசு சட்டம் இயற்றியது. 8 மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் வந்தன. நான் கேட்கிறேன்: 1937இலே கொடுக்க முடிந்ததை 1936 சூலைக்கு முன்னே கொடுக்க முடியாமற் போனது ஏன்? கருவூலம் காலியாகவில்லை, காதுதான் அடைத்துக் கிடந்தது! காதுக்குக் கசக்கும் சொல்லையும் பொறுத்துக் கேட்பவனே அரசன் என்கிறார் வள்ளுவர். ஆலையை ஆள்பவனுக்கும் அதுதானே இலக்கணம்?

நம் பக்கத்தையும் பார்ப்போம். 2023 ஏப்ரலிலே தமிழகச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியது. நிறைவேற்றியது கழக அரசுதான்; மறைப்பானேன்? தொழிற்சங்கங்கள் கொதித்தன, தோழமைக் கட்சிகள் எதிர்த்தன. மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. பின்வாங்கினார்கள் என்று சிரித்தவர்கள் உண்டு. நான் சொல்கிறேன், காது திறந்திருந்தது! 2024 செப்டம்பரிலே சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர் வெளியேறி நின்றபோது, அவர்கள் முதன்மையாகக் கேட்டது தங்கள் சங்கத்துக்கு ஏற்பு. 37 நாள் போராட்டம்; பிறகு பேச்சுவார்த்தையிலே முடிவு; 2025 சனவரியிலே சங்கம் பதிவாயிற்று. முதல் நாளே பேசியிருந்தால் 37 நாள் ஊதியமும் உற்பத்தியும் மிஞ்சியிருக்குமே!

"அப்படியானால் முதலாளியை ஒழித்துவிடவா?" என்று கேட்பீர்கள். இல்லை. 1898இலே தோன்றிய ரோடியர் ஆலையின் சங்கு, தலைமுறை தலைமுறையாகப் புதுவைக்குப் பொழுது சொன்னது. 2020இலே அந்த ஆலை மூடப்பட்டது. இன்று சங்கும் இல்லை, சம்பளமும் இல்லை. ஆலை செத்தால் முதலில் அணைவது தொழிலாளியின் அடுப்பு. ஆகவே ஆலை வாழவேண்டும் என்ற அக்கறை சங்கத்துக்கும் வேண்டும். ஆனால், வரவு செலவை மறைத்துவிட்டு, வேலையிலே மட்டும் அக்கறை கேட்டால் எப்படி? நட்டத்தைப் பங்கிடக் கூப்பிடுகிறவர், இலாபக் கணக்கையும் காட்டத்தானே வேண்டும்!

2025 நவம்பர் 21 முதல், 29 பழைய சட்டங்களை நீக்கி, ஒன்றிய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. முன்பு 100 பேர் வேலை செய்த ஆலையை மூடவே அரசின் அனுமதி வேண்டும். இப்போது 300 பேர் இருந்தால்தான் வேண்டும். 299 பேர் உள்ள ஆலை? கேட்பாரில்லை! இதை எதிர்ப்போம். ஆனால் அதே தொகுப்பிலே நமக்குக் கைக்கருவியும் உண்டு. பணி ஆணை எழுத்திலே தரவேண்டும். 20 பேருக்குக் குறையாத நிறுவனத்திலே, இருதரப்பும் சம எண்ணிக்கையில் அமரும் குறைதீர்ப்புக் குழு வேண்டும். கூடுதல் நேர வேலைக்கு இருமடங்கு ஊதியம் வேண்டும்.

ஆகவே தோழர்களே, இந்தக் கூட்டம் முடிந்து வீடு திரும்பும்போது முழக்கத்தை மட்டும் எடுத்துச் செல்லாதீர்கள். நாளை வைகறையிலே சாலையோரம் நிற்கும் அந்தத் தம்பியிடம் போங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: பணி ஆணை இருக்கிறதா? ஊதியச் சீட்டு வருகிறதா? வைப்பு நிதி எண் தெரியுமா? இல்லை என்றால், மனு எழுதிக் கொடுங்கள். தொழிலாளர் துறை அலுவலகம்வரை கூடவே போங்கள். தனியாக அனுப்பாதீர்கள், தனி ஆளின் மனு குப்பைக்கூடைக்குப் போகும், பத்துப் பேரின் மனு மேசைக்குப் போகும்.

அந்தப் பெரியவரை மறுபடி சந்தித்தால் காட்டுவதற்காக, என் நாடகத்தின் கடைசிக் காட்சியை மாற்றி எழுதிவிட்டேன். இப்போது முதலாளி அழுவதில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்கள், பேசுவோம்" என்கிறார். தொழிலாளி உட்காருகிறான், கையிலே காகிதம் இருக்கிறது.

கைத்தட்டல் சற்றுக் குறைவுதான். ஆனால், அந்த முதலாளி இறந்தாலும், நாற்காலி இருக்கும்!