புதுத் திடலில் முதல் ஆட்டம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பின்வரிசையில் பிள்ளைகள் இப்போதே நெளிய ஆரம்பித்துவிட்டார்கள். ஆகவே சுற்றி வளைக்காமல், விழாக் குழுக் கூட்டத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இவ்வாண்டு விளையாட்டுப் பரிசு யாருக்கு என்ற பேச்சு வந்தபோது, நம் பெண்கள் ஹாக்கி அணியின் கோல் காவலராக நின்ற ஆறாம் ஆண்டு மாணவியின் பெயரை நான் சொன்னேன். உடனே ஒரு நண்பர், நல்ல மனிதர், இதோ இந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், "சார், முதல் ஆட்டத்திலேயே ஏழு கோல் வாங்கின பிள்ளைக்கா பரிசு? ஜனங்க சிரிக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அன்று மணி இரவு பத்தாகிவிட்டதால், "பார்த்துக்கலாம்" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். அதற்குரிய பதிலைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கடந்த மார்ச்சில் நம் பட்டணத்தில் புதிய செயற்கைத் தரைத் திடல் திறக்கப்பட்டது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தாலே அதன் விளக்குக் கம்பங்கள் தெரியும். நடந்தால் ஐந்து நிமிடம். பத்து ஆண்டுகளாகக் குண்டும் குழியுமான பள்ளித் திடலில், மழைக்குப் பின் தவளைகளை விரட்டிவிட்டுப் பயிற்சி செய்த நமக்கு, பக்கத்திலேயே நீல நிறத்தில் ஜமுக்காளம் விரித்த மாதிரி ஒரு திடல்! பிள்ளைகள் எல்லாரும் "நம்ம திடல், நம்ம திடல்" என்றே பேசினார்கள். வட்டார 12 வயதுக்குட்பட்டோர் போட்டியின் முதல் ஆட்டமே அங்கே நமக்கு என்று அட்டவணை வந்ததும் எனக்கும் தலை கால் புரியவில்லை. சொந்த ஊர், சொந்தத் திடல், சொந்த ஜனம். கோல் காவலர் பிள்ளையின் பாட்டி ஒரு பிளாஸ்க் நிறைய மைலோ கலக்கி எடுத்துக்கொண்டு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் தொடங்கிய இரண்டாவது நிமிடத்திலேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது. எங்கள் பிள்ளைகள் மட்டையைத் தரையில் வைப்பதற்குள் பந்து கடந்து போய்விடுகிறது. புல்தரையில் பந்து குதித்துக் குதித்து வரும். வேகமும் பாதி வழியில் குறைந்துவிடும். அதற்குத் தகுந்தாற்போல் மட்டையை நிமிர்த்திப் பிடித்து நிறுத்தப் பழகியவர்கள் இவர்கள். செயற்கைத் தரையில் ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் பீய்ச்சி நனைத்துவிடுவார்கள். விழுந்தால் தோல் உரியாமல் இருப்பதற்கும், பந்து வழுக்கிக்கொண்டு ஒரே சீராக ஓடுவதற்கும் அந்த ஈரம் வேண்டும். அங்கே முதுகை வளைத்து, மட்டையைக் கிட்டத்தட்டத் தரையோடு படுக்க வைத்து நிறுத்த வேண்டும். எதிரணிப் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருந்தது. அவர்கள் வேறு பட்டணத்தில் மூன்று ஆண்டுகளாகச் செயற்கைத் தரையில் ஆடுகிறவர்கள். இடைவேளைக்குள் நான்கு கோல், முடிவில் ஏழு. நம் பக்கம் பூஜ்யம்.

சொந்தத் திடல் என்று நாம் நினைத்தோம். அன்றைக்கு அந்தத் திடல் அவர்களுக்குத்தான் சொந்தமாக இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை சொல்ல அனுமதிக்க வேண்டும். நமக்கு நேர்ந்தது நம் நாட்டு அணிக்கும், நம்மைவிடப் பெரிய அணிகளுக்கும் நேர்ந்ததுதான்.

1975-ஆம் ஆண்டு மார்ச் மாதம் உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி கோலாலம்பூரில் நடந்தது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் தோட்டத்தில் பெரிய கிராணி வீட்டு வானொலிப் பெட்டியை ஜன்னல் ஓரத்தில் தூக்கி வைத்துவிடுவார்கள். பால் எடுத்து முடித்து வந்த ஆட்கள் அப்படியே வாளியோடு நின்று கேட்பார்கள். மலேசிய அணிக்கு என். ஸ்ரீ சண்முகநாதன் தலைவர். பயிற்றுநர் ஹோ கோ சாய். எம். மகேந்திரன் பந்தை மட்டையில் ஒட்டவைத்துக்கொண்டு போவார் என்று சொல்வார்கள்; நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை, ஆனாலும் லயத்து வாசலில் மூங்கில் வேரை மட்டையாக்கிக்கொண்டு ஆளுக்கு ஆள் மகேந்திரன்தான்.

குழு ஆட்டத்தில் நெதர்லாந்தை 2–1 என்று வென்று அரையிறுதிக்குப் போனோம். எதிரே இந்தியா. மழை வந்து ஆட்டத்தைத் தள்ளிப்போட வைத்தது. பிறகு நடந்த ஆட்டத்தில் பூன் ஃபூக் லோக் இரண்டு கோல் அடித்து நம்மை 2–1 என்று முன்னணியில் வைத்திருந்தார். எழுபது நிமிட ஆட்டம். முடிய ஐந்து நிமிடம்தான் இருக்கிறது. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அஸ்லாம் ஷேர் கான் பெனால்டி கார்னரில் ஒன்றைப் போட்டுச் சமப்படுத்திவிட்டார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் அடித்த கோலில் 3–2 என்று இந்தியா வென்றது. இறுதியாட்டத்தில் பாகிஸ்தானையும் 2–1 என்று வென்று கிண்ணத்தைக் கொண்டு போனார்கள். நாம் நான்காவது இடம். எங்கள் தோட்டத்தில் இந்தியாவிலிருந்து வந்த பெரியவர்கள் சிலர் எந்தப் பக்கம் சந்தோஷப்படுவது என்று தெரியாமல் தவித்ததும், பிள்ளைகள் நாங்கள் சோறு தின்னாமல் படுத்ததும் தனிக் கதை.

அந்த நான்காம் இடம்தான் இன்று வரையில் உலகக் கிண்ணத்தில் மலேசிய ஆடவர் அணி எட்டிய உயரம். அது புல்தரையில் கிடைத்தது.

மறு ஆண்டே, 1976-இல் மொண்ட்ரியால் ஒலிம்பிக். ஒலிம்பிக்கில் முதன்முறையாக ஹாக்கி செயற்கைத் தரையில் நடந்தது அங்கேதான். தங்கம் வாங்கியது யார் தெரியுமா? நியூசிலாந்து. ஆஸ்திரேலியாவை 1–0 என்று வென்றார்கள். 1928 முதல் 1972 வரை நடந்த எல்லா ஒலிம்பிக்கிலும் ஹாக்கியில் ஏதாவது ஒரு பதக்கத்தோடு திரும்பிய இந்தியா, முந்தின ஆண்டு உலகக் கிண்ணத்தை வென்ற இந்தியா, ஏழாவது இடம். மலேசியா எட்டாவது.

இதைச் சொன்னால் நம் ஆட்களில் பலர் உடனே, "பாருங்க சார், வெள்ளைக்காரன் தரையை மாத்தி நம்மளை ஒழிச்சிட்டான்" என்பார்கள். காப்பிக் கடையில் இதை நான் ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. செயற்கைத் தரை போடக் கோடிக்கணக்கில் செலவாகும். பணமுள்ள நாடுகள் ஊருக்கு ஊர் போட்டன, மற்ற நாடுகள் தலைநகரில் ஒன்று போடவே திணறின. ஆனால் முழு உண்மை அதுவல்ல. அதே மொண்ட்ரியால் தரையில் பாகிஸ்தான் வெண்கலம் வாங்கியது. 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில், அதுவும் செயற்கைத் தரைதான், பாகிஸ்தான் தங்கமே வாங்கியது. ஆக, அந்தத் தரை யாரையும் ஜாதகம் பார்த்துத் தோற்கடிக்கவில்லை. அதில் எத்தனை மணி நேரம் ஆடிப் பழகினாய் என்றுதான் கேட்டது.

நம் நாட்டுக்கே வருகிறேன். 1998 செப்டம்பரில் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி. அந்தப் போட்டியில் ஹாக்கி சேர்க்கப்பட்டது அதுவே முதல் தடவை. அதற்கென்று புக்கிட் ஜாலிலில் புதிதாக தேசிய ஹாக்கி அரங்கம் எழும்பியது. புது அரங்கம், சொந்த ஜனம், காது கிழியும் ஆரவாரம். நம் பையன்கள் இறுதியாட்டம் வரை போய்விட்டார்கள். இறுதியில் ஆஸ்திரேலியா 4–0 என்று வென்றது. வெள்ளிப் பதக்கம் நமக்கு. அது பெரிய பெருமை, மறுப்பதற்கில்லை. ஆனால் 2000 சிட்னி ஒலிம்பிக்குக்குப் பிறகு 2024 பாரிஸ் வரை ஓர் ஒலிம்பிக்கிலும் நம் ஆடவர் அணி கால் வைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அரங்கம் கட்டுவது ஒரு வேலை. அதில் ஆடப் பிள்ளைகளை உருவாக்குவது வேறு வேலை.

சரி, நம் கதைக்குத் திரும்புவோம்.

ஏழு கோல் வாங்கிய மறுநாள் திங்கட்கிழமை. அணியில் இருந்த பன்னிரண்டு பிள்ளைகளில் நால்வர் பயிற்சிக்கு வரவில்லை. ஒரு தாயார் பள்ளிக்கு வந்து, "முழங்காலைப் பாருங்க சார், எப்படித் தேய்ஞ்சு போயிருக்கு. டியூஷனுக்கும் நேரமில்ல. போதும் சார்" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். விடியற்காலை தொழிற்சாலை பஸ்ஸைப் பிடித்துப் போய் இரவு வீடு திரும்பும் தாய், பிள்ளையின் காயத்தைப் பார்த்தால் வேறு என்ன சொல்வார்? அணியையே கலைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வாரம் நான் மட்டையைத் தொடவே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை கோல் காவலர் பிள்ளை ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றது. "சார், ஏழு கோல்ல அஞ்சு எனக்குத் தெரியும் சார், எப்படிப் போச்சுன்னு. ரெண்டுதான் தெரியல" என்றது. ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஏழு கோலையும் படம் போட்டு வைத்திருந்தது. பந்து எங்கிருந்து வந்தது, தான் எங்கே நின்றது, கால் எந்தப் பக்கம் நகர்ந்தது, எல்லாம் அம்புக்குறி போட்டு! தெரியாத இரண்டுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி. நாற்பது ஆண்டுகள் மட்டை பிடித்தவன் நான். தோற்ற ஆட்டத்தை ஒருநாளும் அப்படி எழுதி வைத்ததில்லை.

அதற்குப் பிறகுதான் நான் புதுத் திடலுக்கு நேரம் கேட்கப் போனேன். மாலை நேரம் முழுவதும் பெரிய பள்ளிகளும் கிளப்புகளும் எடுத்துவிட்டார்கள். வாடகையும் நம் கைக்கு எட்டுவதில்லை. கடைசியில் கிடைத்தது ஞாயிறு காலை ஏழு முதல் எட்டு வரை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாடகையில் பாதியைக் கொடுத்தது. மீதியை, பெயர் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்ட இருவர் கொடுத்தார்கள். வராமல் நின்ற நால்வரில் மூவர் திரும்பி வந்தார்கள். அந்தத் தாயாரும் மகளை அனுப்பினார், முழங்காலுக்கு உறை வாங்கிக் கொடுத்து.

அங்கேயும் ஒரு சிக்கல். அந்த நேரத்துக்குத் தண்ணீர் பீய்ச்ச மாட்டார்கள். காய்ந்த தரையில் பந்து மெதுவாகத்தான் ஓடும். அதில் பழகிவிட்டு ஈரத்தில் ஆடினால் பழைய குருடிதான். பிள்ளைகள் வாளியில் தண்ணீர் தூக்கிக் கொண்டு வந்து ஊற்றிப் பார்த்தார்கள். அத்தனை பெரிய திடலில் பத்து வாளித் தண்ணீர் என்ன ஆகும்? திடலைப் பார்த்துக்கொள்ளும் பாக் சிக் இரண்டு வாரம் இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது வாரம் ஒன்றும் பேசாமல் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். கோல் கம்பத்தை ஒட்டிய பகுதிக்கு மட்டும், ஐந்து நிமிடம். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அந்த ஐந்து நிமிடம் எங்களுக்குக் கிடைத்தது. அவர் இன்று வந்திருக்கிறார். வாசல் பக்கத்தில் நிற்கிறார். ஒரு கைதட்டல் கொடுங்கள்.

ஜூலையில் அதே எதிரணியோடு, அதே திடலில் மறுபடி ஆடினோம். 2–1 என்று தோற்றோம். ஆமாம், தோற்றோம், மார்ச்சில் போலவே அந்தக் கிண்ணத்தையும் அவர்கள்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் கடைசி ஐந்து நிமிடம் அவர்களுடைய பயிற்றுநர் கோட்டோரம் நின்று கத்திக்கொண்டே இருந்தார். மார்ச்சில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர். நம் பிள்ளை அன்று தடுத்த பந்துகளை எண்ண முடியவில்லை. பாட்டி எண்ணியிருக்கிறார், பதினொன்று என்கிறார். பாட்டி கணக்கில் ஒன்றிரண்டு கூட இருக்கலாம்.

நண்பர் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். ஏழு கோல் வாங்கியதற்காக அந்தப் பரிசு அல்ல. ஏழையும் எழுதி வைத்துக்கொண்டு திரும்பி வந்ததற்காக.

அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டு இடைநிலைப் பள்ளிக்குப் போகிறது. அங்கே பெண்கள் ஹாக்கி அணி இருக்கிறதா என்று விசாரித்தேன். இல்லையாம். அந்தப் பள்ளிப் பெற்றோர் சங்கத்தில் இருப்பவர்கள் சிலர் இன்று இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். விழா முடிந்ததும் ஐந்து நிமிடம் என்னோடு பேச வேண்டும், ஓடிவிடாதீர்கள். நம் அணிக்குக் கோல் காவலர் இடம் காலியாக இருக்கிறது. நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் வரலாம். கால் உறையும் தலைக்கவசமும் பள்ளியில் இருக்கின்றன. ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பயிற்சி. பசியாறிவிட்டு ஆறே முக்காலுக்கே வந்துவிடுங்கள், பாக் சிக் தண்ணீரைச் சரியாக ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடுவார்.