கண்ணுக்குக் கீரையா, மாத்திரையா?

(உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வீட்டுப் பெரியவர்களுக்குப் பார்வை மங்கினால், "சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?" என்று பலர் கேட்கிறீர்கள். முதலில் நோய் எது என்று அறிய வேண்டும். கண்ணின் வில்லை மங்கிப் போவது கண்புரை. விழித்திரையின் நடுப்பகுதி சிதைவது வேறு நோய். இதில் எதிரில் நிற்பவரின் முகம் மறைந்து, ஓரப்பார்வை மட்டும் மிஞ்சும்.

வெயிலும் புகையும் கண்ணில் விளைவிக்கும் தீங்கை வைட்டமின் சி, ஈ, கீரையிலுள்ள லூட்டின் ஆகியவை ஓரளவு அடக்குகின்றன. அப்படியானால் மாத்திரை கண்புரையைத் தடுக்குமா? மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் துணையோடு, தென்னிந்தியக் கிராமங்களில் 798 பேரிடம் 5 ஆண்டுகள் இதைச் சோதித்தார்கள். 2006-இல் வெளியான முடிவு: வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின் மாத்திரைகள் புரை வளர்வதைத் தடுக்கவில்லை. காய்ந்த இலை உரமிட்டால் பச்சையாகாது. முற்றிய புரையும் அப்படித்தான். அதற்கு அறுவை சிகிச்சையே வழி. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே செய்கிறார்கள். மாத்திரையை நம்பி நாள் கடத்தாதீர்கள்.

விழித்திரைச் சிதைவு நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கு மாத்திரையால் பயனுண்டு. வைட்டமின் சி, ஈ, துத்தநாகம் முதலியவை கலந்த மாத்திரை, நோய் முற்றும் வாய்ப்பை 5 ஆண்டுகளில் சுமார் 25 சதவீதம் குறைத்ததாக 2001-இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. பீட்டா கரோட்டின் புகை பிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுவதால், 2013-க்குப் பிறகு அதற்குப் பதில் லூட்டின் சேர்க்கிறார்கள். ஆகவே மருத்துவர் சொல்லாமல் வாங்க வேண்டாம். பீடி, சிகரெட்டை விடுவதே முதல் மருந்து.

குண்டல்பேட்டைப் பக்கம் ஆலைகளுக்காகப் பயிராகும் செண்டுமல்லியிலிருந்துதான் லூட்டின் பிரிக்கிறார்கள். நமக்கு அது முருங்கைக்கீரையிலும் தண்டுக்கீரையிலும் கிடைக்கிறது. மூலனூர்ப் பக்கம் காய்க்காகத் தோப்புத் தோப்பாக முருங்கை வளர்க்கிறோம். மருந்தடித்த தோப்பின் இலையைச் சமைக்காமல், வீட்டோரம் ஒரு மரம் தனியே வையுங்கள். கீரையைக் கழுவிய பிறகே நறுக்குங்கள். ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்தால்தான் லூட்டின் உடலில் சேரும். வைட்டமின் சி சூட்டில் அழியும். நெல்லி, கொய்யாவைப் பச்சையாக உண்ணுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு கண்ணை மூடிக்கொண்டு கதவு நிலையைப் பாருங்கள். பிறகு மற்றக் கண்ணால் பாருங்கள். நேரான சட்டம் வளைந்து தெரிந்தால், அறுவடை முடியட்டும் என்று காத்திராமல் உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.